செயலாளரின் ஆண்டறிக்கை: பாதிக்கப்பட்டோருக்கும் இளையோருக்கும் இடையிலான மத்தியஸ்தப் பணி

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, சங்கத்தின் மூத்த மத்தியஸ்தர்களே, கிராமங்களிலிருந்து வந்திருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற பொதுக்கூட்டத்தின் அறிக்கை சற்று முன்னர் வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நிர்வாகசபைக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மாரி மழையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பாதைகள் நீருக்குள் கிடந்த காலத்தில் மட்டும் ஒத்திவைத்தோம். வருகைப் பதிவேடு மேசைமேல் இருக்கிறது. யார் வந்தார்கள், யார் வராமலே இருந்தார்கள் என்பதை அங்கத்தவர்கள் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அதை இங்கே வாசித்து எவரையும் சங்கடப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை.

இவ்வாண்டு எத்தனை பிணக்குகளை எடுத்தோம், அவற்றில் எத்தனை இணக்கத்தில் முடிந்தன என்ற கணக்கைச் சிலர் முன்கூட்டியே என்னிடம் கேட்டிருந்தார்கள். கணக்கு நிர்வாகசபையிடம் இருக்கிறது. நான் அதை வாசிக்கப்போவதில்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து வெல்லாவெளி வரையில் யாரைக் கேட்டாலும் யாருக்கோ உறவு. ‘இந்தப் பக்கத்தில் இத்தனை’ என்று நான் சொன்னால், தேநீர் ஆறுவதற்குள் அந்தப் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை மண்டபத்தின் பின்வரிசை கண்டுபிடித்துவிடும். இரு தரப்பும் சொல்வதற்குச் சம்மதித்த இரண்டு விடயங்களை மட்டும், ஊரையும் ஆளையும் மறைத்து, விரிவாக இந்த அறிக்கையில் சேர்த்திருக்கிறேன். அவற்றை வைத்து ஊகிக்க முற்படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சில அடையாளங்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன்.

புதிய அங்கத்தவர்களுக்காக நமது வேலையின் எல்லையை ஒருமுறை சொல்லவேண்டும். நமக்கு விசாரிக்கும் அதிகாரமும் இல்லை, தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் இல்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் கீழ் அமைந்த சபைகளே சட்டப்படியான சபைகள். அங்கே மூன்று மத்தியஸ்தர்கள் சேர்ந்து அமர்கிறார்கள். சட்டத்தரணி ஒரு தரப்புக்காகத் தோன்றி வாதாட முடியாது. இணக்கம் வந்தால் எழுதிக் கையொப்பம் வாங்குவார்கள். வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழைக் கொடுத்து, விடயத்தை நீதிமன்றத்துக்குப் போக விடுவார்கள். காயப்படுத்தல், பிறர் பொருளைச் சேதப்படுத்தல், அத்துமீறி நுழைதல், அச்சுறுத்தல் போன்ற சிறு குற்றங்கள் இந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. அந்தக் கதிரைகளில் வந்து அமர்வதற்கு முன்னர் இரு வீட்டாரையும் ஆயத்தப்படுத்துவதும், இருவரும் விரும்பினால் நேரே சந்திக்க வைப்பதும், அமர்ந்து எழும்பிய பின்னர் எழுதியபடி நடக்கிறதா என்று பார்ப்பதும்தான் நமது வேலை. பிள்ளை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டிருந்தால் நன்னடத்தை உத்தியோகத்தருக்குத் தெரியாமல் ஒரு அடியும் வைப்பதில்லை.

வயதைப் பற்றித் தேநீர்க் கடைகளில் இரண்டு கதைகள் உலவுகின்றன. பதினெட்டுக்குக் கீழே என்றால் சட்டம் தொடவே தொடாது என்பது ஒன்று. பொலிஸில் கொடுத்து நான்கு அடி போட்டால் பிள்ளை திருந்திவிடும் என்பது மற்றது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி, முன்பு 8 ஆக இருந்த குற்றப் பொறுப்பு வயது 12 ஆகியிருக்கிறது. 12 க்கும் 14 க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்தது இன்னதென்று விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் தீர்மானிப்பார். அதற்கு மேற்பட்ட பிள்ளை பதில் சொல்லியே ஆகவேண்டும். எப்படிப் பதில் சொல்ல வைப்பது என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 40 ஆம் உறுப்புரையும், முடிந்த இடத்தில் பிள்ளையை நீதிமன்ற நடவடிக்கைக்கு வெளியே வைத்துக் கையாளும்படிதான் சொல்கிறது. அடி அந்த உறுப்புரையில் எங்கும் இல்லை.

தோணி விடயம்

வாவியில் வலைபோட்டுப் பிழைக்கும் ஒருவரின் தோணியை ஓர் இரவு இரண்டு பையன்கள் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஒருவனுக்கு 16 வயது, மற்றவனுக்கு 15. தோணிக்குள் வலை கிடந்தது. கண்டல் மரங்களான கண்ணாப் பற்றைக்குள் தோணியைச் செருகி, அது கவிழ, வலை வேர்களில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், கிழிந்தது. அப்படியே போட்டுவிட்டுச் சேற்றில் நடந்து கரையேறி, வீட்டுக்குப் போய் நல்ல பிள்ளைகளாகப் படுத்துவிட்டார்கள். விடியும் முன்னர் துறைக்கு வந்த மனிதர் கயிறு கட்டியிருந்த முளையை மட்டும் கண்டார். பொலிஸில் முறைப்பாடு போனது. பையன்கள் யாரென்று தெரிய நெடுநேரம் செல்லவில்லை. சேற்றில் ஒரு செருப்பு கிடந்தது.

முதலில் நம்மிடம் வந்தவர் பெரிய பையனின் தகப்பன். கையில் காசோடு வந்தார். “நட்டம் எவ்வளவு என்று கேட்டுச் சொல்லுங்கள் ஐயா, இன்றே கட்டிவிடுகிறேன். பிள்ளையை மட்டும் அந்த மனிதருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தவேண்டாம்” என்றார். நல்ல மனிதர், கடன் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் தகப்பன் கட்டும் காசிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது, தன் தகப்பனிடம் காசு இருக்கிறது என்பதை மட்டுமே. காசை வாங்கவில்லை.

தோணிக்காரரின் வீட்டில் நாங்கள் எதிர்பார்த்த பேச்சு வேறு. கிழிந்த வலையின் விலையைப் பற்றித்தான் தொடங்குவார் என்று நினைத்துப் போனவர்கள், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பினார்கள். “துறையில் எத்தனை தோணி கிடந்தது? ஏன் என்னுடைய தோணி?” அவருக்கும் உறவினர் ஒருவருக்கும் வளவு எல்லை பற்றிய மனத்தாங்கல் நெடுநாளாக உண்டு. அந்த உறவினர்தான் பையன்களை ஏவிவிட்டார் என்று கணவனும் மனைவியும் முடிவு கட்டியிருந்தார்கள். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு இவர்கள் போகவில்லை. கடப்படியில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வலை கிழிந்ததைவிட அதிகமாகக் கிழிந்தது இதுதான். அந்த உறவினரோ தன்மேல் சந்தேகம் விழுந்திருப்பதே தெரியாமல் இருந்தார்.

நட்டஈடு எவ்வளவு கொடுத்தாலும் இந்தக் கேள்வி தீராது. பொலிஸ் வாக்குமூலத்தில் இதற்குப் பதில் இருக்காது. அங்கே யார், எப்போது, எங்கே என்றுதான் கேட்பார்கள். நீதிமன்றத்தில் பையன் வாய் திறக்காமல் நிற்பான், அதுவே அவனுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். பதில் அந்த இரண்டு பிள்ளைகளின் வாயில் மட்டும் இருந்தது.

சந்திப்பு ஒரு முன்பள்ளிக் கட்டடத்தில் நடந்தது. கோயில் மண்டபம் வேண்டாம் என்று தோணிக்காரரே சொன்னார். அங்கே போனால் வேடிக்கை பார்க்க ஆள் சேரும். முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் கதிரைகள்தான் இருந்தன. பெரியவர்கள் எல்லோரும் முழங்காலை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்தோம். யாரும் யாரையும் மேலிருந்து பார்க்க முடியாத அமைப்பு அது. மண்டபம் கட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கும் அங்கத்தவர்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

தோணிக்காரர் முதலில் பேசினார். அன்றைக்குத் தோணி இல்லை, மறுநாள் வலை இல்லை, வலைக்கு வாங்கிய கடன் இருந்தது, கடன்காரனுக்குச் சொன்ன தவணை இருந்தது என்று வரிசையாகச் சொன்னார். சத்தம் போட்டார். போடட்டும் என்று விட்டோம். நமது மத்தியஸ்தர்களில் ஒருவர் “சரி அண்ணன், பொறுங்கள்” என்று தொடங்கினார்; தலைவர் அவரைக் கண்ணால் அடக்கினார். பின்னர் அந்தக் கேள்வி வந்தது. பெரிய பையன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவன்தான் சொன்னான்: “மற்றத் தோணி எல்லாவற்றுக்கும் சங்கிலி போட்டிருந்தது, மாமா. உங்களுடையதுக்குக் கயிறு.”

வேறு காரணம் இல்லை. தோணிக்காரரின் மனைவி நம்பவில்லை. “உண்மையைச் சொல்லுங்கள் மகன், யாரும் சொல்லித்தரவில்லையா? இன்னாருடைய வீட்டுக்கு நீங்கள் போவதில்லையா?” என்று மாற்றி மாற்றிக் கேட்டார். பையன்களுக்கு அந்த உறவினரின் பெயரே சரியாகத் தெரியவில்லை. அதைக் கண்டபோதுதான் அவர் நம்பினார். பின்னர் ஒரு நாள் அவர் தனியே அந்த உறவினரின் வீட்டுக்குப் போய்வந்ததாக அறிகிறேன். அது நமது ஒப்பந்தத்தில் இல்லாத விடயம்.

ஒப்பந்தம் இப்படி அமைந்தது. கிழிந்த வலையை இரு பையன்களும் துறையில் அவரோடு இருந்து பொத்திக் கொடுக்கவேண்டும். நூலுக்கான காசைப் பெரியவன் வேளாண்மை வெட்டுக் காலத்தில் உழைத்துக் கொடுக்கவேண்டும். சின்னவனைக் கூலி வேலைக்கு அனுப்ப நாம் உடன்படவில்லை. வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. அவன் வலையில் கூடுதல் நேரம் இருக்கட்டும் என்று முடிவானது. பாடசாலை நேரத்தில் அழைக்கக்கூடாது, இரவில் வாவிக்குக் கொண்டுபோகக்கூடாது, துறையில் நிற்பவர்களுக்கு முன்னால் வைத்துப் பழசைச் சொல்லிக் காட்டக்கூடாது என்பனவும் எழுதப்பட்டன. கடைசி நிபந்தனையைத் தோணிக்காரர் எளிதாக ஏற்கவில்லை. தகப்பன்மாரில் ஒருவரோ, படிக்கிற பிள்ளை வலை பொத்துவதா என்று முணுமுணுத்தார். அந்தப் படிக்கிற பிள்ளை கிழித்த வலை அது என்று அவருடைய மனைவியே பதில் சொன்னதால் நாம் வாய் திறக்கவேண்டி இருக்கவில்லை.

வலை ஊசியைப் பிடிக்கவே அவர்களுக்குத் தெரியவில்லை. வலைக்கண்ணின் அளவு பிசகினால் அவர் கத்தியால் அறுத்துவிட்டுத் திரும்பவும் முடியச் சொல்வார். மேற்பார்வைக்குப் போன நமது அங்கத்தவர் முதல் நாள் திரும்பிவந்து, ‘இது பழிவாங்கல் மாதிரி இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தார். மறுமுறை போனபோது, வலைக்காரன் வலையை அப்படித்தான் பொத்துவான், இடைவெளி பெரிதானால் மீன் போய்விடும் என்று எழுதினார். இரண்டு குறிப்புகளும் கோப்பில் இருக்கின்றன. வேலை முடிய, எழுதிய காலத்தைவிடக் கூடுதலாகச் சென்றது. ஆனால் முடிந்தது. முறைப்பாடும் அத்தோடு முடிவுக்கு வந்தது.

சம்மதிக்காத பெரியம்மா

இதைப் பற்றி ஊரில் பலவிதமாகக் கதைக்கிறார்கள். ஆகவே நீட்டியே எழுதுகிறேன்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் ஒரு பெரியம்மா. அவர் கோயிலுக்குப் போயிருந்த மாலை நேரத்தில் பின்கதவை உடைத்து ஒரு பையன் உள்ளே புகுந்திருக்கிறான். எடுத்துப்போனது குறைவு, உடைத்தது அதிகம். அலுமாரிக் கண்ணாடி, சுவாமிப் படங்கள், காலஞ்சென்ற கணவரின் படம் எல்லாம் உடைந்து கிடந்தன. பையன் அந்நியன் அல்லன். அவருடைய ஒன்றுவிட்ட தங்கையின் பேரன், ஒரே குடி, அதாவது ஒரே தாய்வழி வம்சம். அதுதான் சிக்கல்.

பையன் தான் செய்ததை ஒப்புக்கொண்டான். சந்தித்து மன்னிப்புக் கேட்கவும் ஆயத்தமாக இருந்தான். நாம் அவனைக் காணப்போன செய்தி, நாம் பெரியம்மாவிடம் போவதற்கு முன்னரே அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. செய்தியோடு ஆட்களும் போனார்கள். தங்கை போனார், தங்கையின் மருமகன் போனார், கோயில் நிர்வாகியான வண்ணக்கர் போனார், வெளிநாட்டிலிருந்து ஒரு மாமா தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: பிள்ளையின் எதிர்காலம். கோயில் சடங்கு வருகிறது, அதற்கு முன்னர் குடிக்குள் பகை வேண்டாம்.

நமது இரண்டு பெண் அங்கத்தவர்கள் கடைசியாகத்தான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெரியம்மா அவர்களை உட்காரச் சொல்லி, தேநீரும் கொடுத்து, இப்படிச் சொன்னார்: “எல்லோரும் அவனுடைய எதிர்காலத்தைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறார்கள், மகள். நான் இரவில் விளக்கை அணைக்காமல் படுத்திருக்கிறேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. அவன் மன்னிப்புக் கேட்டால் நான் மன்னிக்கவேண்டும். எனக்கு இப்போது முடியாது. முடியாது என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா?”

இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். அதையே நிர்வாகசபையும் உறுதிப்படுத்தியது. நாம் விலகிக்கொள்கிறோம் என்று இரு தரப்புக்கும் எழுதிக் கொடுத்தோம். விடயம் அதற்குரிய சட்டவழியில் போகிறது. பையனோடு நன்னடத்தை உத்தியோகத்தர் வேலை செய்கிறார், அது தொடரும். பெரியம்மாவின் பின்கதவுக்குப் புதிய தாழ்ப்பாள் போட்டது நமது அங்கத்தவரான தச்சர். அதற்கு அவர் காசு வாங்கவில்லை என்பதைப் பொருளாளரின் கணக்கில் காணமாட்டீர்கள் என்பதால் இங்கே குறிக்கிறேன். தன்னுடைய கடப்படியால் அந்தப் பையன் போய்வரக்கூடாது என்று மட்டும் பெரியம்மா கேட்டார். பையனின் தாய் அதற்கு இணங்கினார். அவன் இப்போது பாடசாலைக்குக் குளக்கட்டுப் பக்கத்தால் சுற்றிப் போகிறான்.

இதைத் தோல்வி என்று சிலர் சொல்கிறார்கள். நிர்வாகசபையில் இரண்டு பேர் என்னோடு கடுமையாக வாதாடினார்கள். ஒருவர் சில மாதங்கள் கூட்டத்துக்கும் வரவில்லை. அவர்களுடைய வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஒரு சந்திப்பு நடந்திருந்தால் பெரியம்மாவின் பயமும் குறைந்திருக்கலாம்; தோணிக்காரருக்கு நடந்ததுபோல, தெரியாததைத் தெரிந்துகொண்டிருக்கலாம். இருக்கலாம். ஆனால் இங்கே சமாதானம் என்பது பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் செலவில்தான் நடந்து வந்திருக்கிறது. குடியின் மானம், கோயிலின் சடங்கு, பிள்ளையின் பரீட்சை எல்லாவற்றுக்கும் கணக்கில் இடம் இருக்கிறது. உடைந்த வீட்டுக்குள் படுப்பவரின் நித்திரைக்கு இடம் இல்லை. அவர் விரும்பினால் சந்திப்பு, விரும்பாவிட்டால் இல்லை என்பதில் நாம் வழுக்கினால், நாமும் அந்த வீட்டுக்கு வரிசையாகப் போன ஆட்களில் ஒரு கூட்டமாகிவிடுவோம்.

2015 இல் முதலில் வந்து, 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டமாகப் புதிதாக இயற்றப்பட்ட, குற்றச்செயலால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கும் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரை மிரட்டுவது தனியான குற்றம். வண்ணக்கர் மிரட்டினார் என்று நான் சொல்லவில்லை. அன்பாகத்தான் பேசியிருப்பார். ஆனால் ஒரு தனிப் பெண்மணியின் முற்றத்தில் நாலு பெரிய மனிதர்கள் அன்பாக நின்றாலும் அது பாரம்தான்.

பழைய முறையும் வெளியூர் முறையும்

‘இதெல்லாம் நமக்குப் புதிதா? குடித் தலைவர்களும் வண்ணக்கர்மாரும் தீர்க்காத வழக்கா?’ என்று மூத்த அங்கத்தவர்கள் கேட்பதுண்டு. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து அங்கத்தவர்கள் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர்மாரைச் சொல்வார்கள். முறை பழையது, மறுக்கவில்லை. கூப்பிட்டு இருத்தி, கேட்டு, ஊர் அறிய முடித்துவைக்கும் பழக்கம் நம்மிடம் இருந்ததால்தான் நமது வேலையை மக்கள் எளிதில் விளங்கிக்கொள்கிறார்கள். அதேநேரம் அந்தச் சபையில் பெரிய குடியின் சொல் கனத்து விழுந்தது என்பதையும், பெண்கள் கூரைக்கு வெளியே நின்று கேட்டார்கள் என்பதையும் அதே மூத்தவர்கள் தனியே பேசும்போது ஒப்புக்கொள்கிறார்கள். எடுக்கவேண்டியதை எடுப்போம்.

வாசிப்பு வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் எல்மைராவின் கதையைச் சொன்னார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள சிற்றூர் அது. 1974 இல் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் ஒரே இரவில் 22 இடங்களில் கண்ணாடிகளை உடைத்தும் வாகன டயர்களைக் கிழித்தும் நாசம் செய்தார்கள். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை உத்தியோகத்தர், இவர்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினால் என்ன என்று யோசனை சொன்னார். நீதிபதி கோர்டன் மக்கானல் அதை ஏற்றார். இளைஞர்கள் கதவு கதவாகப் போனார்கள். நட்டத்தைப் பின்னர் கட்டினார்கள். இன்று உலகில் பல நாடுகளில் நடக்கும் இந்த வகை மத்தியஸ்தத்தின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நட்டத்தில் ஒரு பங்கைக் காப்புறுதி ஏற்றுக்கொண்டது என்று ஆசிரியர் சொன்னபோது, வட்டத்தில் இருந்த விவசாயி ஒருவர் சிரித்துவிட்டார். நமது வாவித் தோணிக்குக் காப்புறுதி எடுத்தவர் யார்? இங்கே நட்டம் முழுவதும் ஆளின் தலையில்தான். ஆகவே நட்டஈட்டைப் பற்றிய பேச்சு நம்மிடம் இன்னும் நேர்மையாக நடக்கவேண்டும்.

நியூசிலாந்தைப் பற்றியும் படித்தோம். 1989 இல் வந்த சட்டத்தின்படி, தவறு செய்த பிள்ளையின் விடயத்தில் குடும்பத்தை முழுதாக அழைத்து, பாதிக்கப்பட்டவரையும் அழைத்து, பேசி ஒரு திட்டம் போடுகிறார்கள். தங்கள் பிள்ளைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு நிறுவனங்களில் அடைக்கப்பட்டதை எதிர்த்து, அந்நாட்டின் பூர்வீகக் குடிகளான மாவோரி மக்கள் எழுப்பிய குரலுக்கு அதில் பெரிய பங்குண்டு. மாமாவும் பெரியப்பாவும் பெத்தாவும் வந்து அமரும் சபை நமக்கு விளங்காத ஒன்றல்ல. ஆனால் அங்கே பாதிக்கப்பட்டவர் வராவிட்டாலும் கூட்டம் நடக்கலாம். பெரியம்மா விடயத்தில் அந்த வழி பயன்படுமா என்று நன்னடத்தை உத்தியோகத்தரோடு பேசியிருக்கிறோம்: பையனின் குடும்பம் மட்டும் கூடி, அவன் என்ன செய்து ஈடுசெய்வான் என்று தங்களுக்குள் முடிவெடுப்பது. இன்னும் முடிவாகவில்லை.

திருப்பி அனுப்பியவை

சிறுமிகள்மீதான பாலியல் துன்புறுத்தலைச் ‘சத்தமில்லாமல்’ முடித்துத் தரும்படி கேட்டு வந்தவர்களை வாசலோடு திருப்பினோம். அத்தகைய விடயம் எந்த அங்கத்தவரின் காதுக்கு வந்தாலும் அவர் செய்யவேண்டியது 1929 இலக்கத்துக்கு அழைப்பதும் சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்கு அறிவிப்பதும்தான். இதில் உறவு, தயவு எதுவும் கிடையாது. அப்படிக் கேட்டு வந்தவர்களில் நம் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தவரும் ஒருவர். நன்கொடை அவருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

ஐஸ் போன்ற போதைப்பொருளில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் தாய்மார் நிறைய வந்தார்கள். அவர்களை வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு வழிகாட்டி அனுப்புவதைத் தவிர நம்மால் ஆவது குறைவு. ஆனால் அவர்களில் சிலர் தங்கள் பிள்ளையாலேயே பாதிக்கப்பட்டவர்கள்: நகை போனவர்கள், அடி வாங்கியவர்கள். அவர்களோடு பேச நமக்குப் பயிற்சி போதாது.

தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடைப்பட்ட ஒரு கைகலப்பிலும் இவ்வாண்டு இறங்கினோம். கடைக்காரர் ஒருவருக்கு அடித்தது இளவயதினர். அதை ஊர்ப் பிரச்சினையாக்க நின்றவர்கள் வளர்ந்தவர்கள். கடைக்காரரும் பிள்ளைகளும் தாய்தகப்பனும் மட்டும் ஒரு நூலகத்தில் சந்தித்தார்கள். இரு ஊர்ப் பிரமுகர்களும் வெளியே காத்திருந்தார்கள். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. விடயம் முடிந்தது. இதற்கு மேல் இதை எழுதுவது இரு ஊருக்கும் நல்லதல்ல.

குறைகள், நன்றிகள்

மத்தியஸ்தத்துக்குப் போகும் பெண் அங்கத்தவர்கள் போதாது. இளையவர்கள் இன்னும் குறைவு. ஒரு பையனுக்கு முன்னால் மூன்று ஓய்வூதியக்காரர்கள் அமர்ந்தால் அவனுக்கு அது பாடசாலை ஒழுக்கசபையாகத்தான் தெரியும். மண்டூர்ப் பக்கம் போகிறவர்கள் குருமண்வெளித் துறையில் ஓடத்துக்குக் காத்திருந்து, இருட்டுவதற்குள் திரும்பவேண்டியிருப்பதால் மாலைச் சந்திப்புகள் நடப்பதில்லை. வேலைக்குப் போகும் தகப்பன்மார் மாலையில்தான் கிடைப்பார்கள். பயணச் செலவைப் பலர் தங்கள் பையிலிருந்தே கொடுக்கிறார்கள். கோப்புகளுக்குப் பூட்டுள்ள அலுமாரி கிடைத்துவிட்டது. சாவி தலைவரிடமும் என்னிடமும் மட்டும் இருக்கும். அதைக் கேட்டு யாரும் வரவேண்டாம்.

நன்னடத்தை உத்தியோகத்தர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், கிராம உத்தியோகத்தர்கள், மத்தியஸ்த சபை உறுப்பினர்கள், முன்பள்ளியையும் நூலகத்தையும் திறந்து தந்தவர்கள் எல்லோருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினருக்குத் தலைவர் தமது உரையில் அஞ்சலி செலுத்துவார்.

தீர்மானம்

இந்தக் கூட்டத்தின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன். முதலில் யாரைக் காண்பது என்பதில் நிர்வாகசபை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பையனை முதலில் கண்டு, அவன் ஒப்புக்கொள்கிறானா, சந்திக்க வருவானா என்று உறுதிசெய்த பின்னரே பாதிக்கப்பட்டவரிடம் போகவேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு ஆசையைக் காட்டி மோசம் செய்ததாகிவிடும் என்று ஒரு பகுதியினர் சொல்கிறார்கள். வேறு நாடுகளிலும் பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அங்கே ஒரு வீட்டுக்குப் போன செய்தி மறு வீட்டுக்குப் போக நாட்கள் செல்லும். இங்கே நமது சைக்கிள் திரும்புவதற்குள் போய்ச் சேர்கிறது, அதுவும் நாம் பையனின் ஆட்கள் என்ற பெயரோடு.

ஆகவே என் முன்மொழிவு: இரு வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், இரண்டு அணிகள் போகவேண்டும். பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்குப் போகும் அணி, சந்திப்பைப் பற்றி முதல் நாளில் ஒரு சொல்லும் பேசக்கூடாது. அவருக்கு என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார், பூட்டும் கதவும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்கவேண்டும். பையன் ஒப்புக்கொண்டது தெரிந்த பின்னர், அடுத்த வருகையில், சந்திப்பு என்று ஒன்று இருக்கிறது, வேண்டாம் என்றும் சொல்லலாம் என்று சொல்லவேண்டும். இதற்கு ஆட்கள் இருமடங்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். விரும்புபவர்கள் பெயர் எழுதத் தாள் ஒன்றை வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இத்தீர்மானத்தை விவாதித்து வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டு, அறிக்கையைப் பொதுச்சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்